பட்டியலில் வராத டிரம்கள்

வெளியே எங்கே போனாலும் குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோகிற ஆள் நான். அதனால் நீங்கள் மேசை மேல் வைத்த தம்ளரைத் தொடவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அக்கா குடியிருக்கிற தெருவில் எனக்குப் பேரே 'பாட்டில் சார்'தான். தெருமுனையில் தலை தெரிந்ததுமே பிள்ளைகள் அப்படிக் கத்த ஆரம்பித்துவிடும். கூடப் பிறந்தவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் கிரீடம் இறங்கிவிடுமா என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். வயிறு சரியில்லை என்று நானும் சிரித்துக்கொண்டே சமாளிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே கூசுகிறது.

முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான் நானாகவேதான் வந்தேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. தண்ணீர் லாரிக்காரரை உள்ளே வைத்திருக்கிறீர்கள், அவரை விட்டுவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் கொண்டுவந்தது நல்ல தண்ணீர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் செய்வீர்கள். அதைச் சொல்ல ஒரு கப்பலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. கப்பல் வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டதும் கரையிலிருந்து லாஞ்ச் படகில் போய் முதலில் ஏறுகிற ஆள். கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது, சோதனைக்கு வரும் சுங்க அதிகாரிகளுக்கு வழிகாட்டுவது, அவர்களுக்கு நாற்காலி போட்டு டீ சொல்வது எல்லாம் என் பொறுப்பு. இதில் தலையாய வேலை ஒன்று உண்டு. கப்பலில் என்னென்ன சரக்கு வருகிறது என்ற பட்டியலை, மேனிஃபெஸ்ட் என்போம், கப்பல் வருவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் இருப்பது கப்பலில் இல்லையென்றாலும் அபராதம். கப்பலில் இருப்பது பட்டியலில் இல்லையென்றாலும் அபராதம். இரண்டாவதைத்தான் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். சரக்கைப் பறிமுதல் செய்வார்கள். கேப்டன் பேரில் ஒரு அபராதம், பட்டியலைக் கொடுத்த ஏஜென்ட் பேரில் ஒரு அபராதம் என்று எழுதுவார்கள். அது தீரும்வரை கப்பலை நகரவிட மாட்டார்கள்.

நான் கொடுத்த பட்டியலுக்கு அபராதம் வந்ததே கிடையாது. சுங்க சூப்பரின்டென்டென்ட் ஒருவர், கொஞ்சம் வாய்த்துடுக்கானவர், "இவர் லிஸ்ட்ல கப்பல்ல ஓடற கரப்பான்பூச்சிக்கும் நம்பர் இருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவார். எங்கள் மேனேஜர் புதிதாகச் சேருகிறவர்களை என் மேசைக்கு அழைத்து வந்து, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ வேலை இருப்பதுபோல் தாளைப் புரட்டுவேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெட்கம் அதிகம், மேடம். வாத்தியார் ஒரு கேள்வி கேட்டுப் பதில் தெரியாமல் நின்றால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. நாலு பேர் நடுவில் தப்புக்காரனாக நிற்பதைவிடச் சாகலாம் என்று நினைக்கிற ஜாதி. அது நல்ல குணம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வீடு மாறிய அன்று நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். அத்தானுக்கு முதுகுவலி, அவரால் சாமான் தூக்க முடியாது. பழைய வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் கட்டிலை ஒரு பக்கம் நான் பிடித்திருக்கிறேன், மறுபக்கம் வண்டிக்காரர் பிடித்திருக்கிறார், சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தேன். சரக்கு ஏற்றிய துறைமுகத்திலிருந்து செய்தி. கடைசி நேரத்தில் கொஞ்சம் டிரம்கள் ஏற்றினோம், துணைப் பட்டியல் ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறோம், மேனிஃபெஸ்ட்டில் சேர்த்துக் கொடுங்கள் என்று இருந்தது. கட்டிலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டேன். கட்டிலை இறக்கினோம். அப்புறம் பீரோ. அப்புறம் அக்கா, புதுத் தெருவில் குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான், பிடித்துவைக்கப் பெரிய டிரம் ஒன்று வேண்டும், பார்த்து வாங்கிக்கொண்டு வாடா என்றாள். அத்தானை வாங்கச் சொல் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். அந்த ஒரு பக்கம் மனதை விட்டே போய்விட்டது.

கப்பல் வந்தது. வழக்கம்போல நான் முதலில் ஏறினேன். சோதனைக்கு வருகிற சுங்க லாஞ்ச் கரையில் டீசல் பிடித்துக்கொண்டிருந்தது. கேப்டன் என்னை மேல்தளத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, இருபதுக்கும் மேல் டிரம்கள். மங்கலான பச்சை நிறம், கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், வயிற்றில் மண்டையோட்டுப் படம் போட்ட காகிதம். எலி மருந்து செய்கிற கம்பெனி ஒன்றுக்கு வந்த கரைசல். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆள் தொடக்கூடாது, கையுறை போட்டுத்தான் இறக்க வேண்டும் என்று கேப்டன் சொன்னார். அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கையில் இருந்த பட்டியலில் இந்த டிரம்கள் இல்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

இதற்குச் சட்டத்தில் வழி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வேறு வழியில்லாமல் செய்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். திருத்த மனு என்று ஒன்று உண்டு. விடுபட்ட சரக்கு இன்னது, விடுபட்டதற்குக் காரணம் இன்னது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திருட்டு எண்ணம் இல்லையென்று தெரிந்தால் பெரும்பாலும் கண்டித்துவிட்டு விடுவார்கள். அபராதமே போட்டாலும் கம்பெனிதான் கட்டும், என் சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள். மனுத்தாள் என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கேப்டன் மேசையில் வைத்து எழுதவும் ஆரம்பித்தேன். காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. கவனக்குறைவு என்று ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்தச் சூப்பரின்டென்டென்ட் அதை வாய்விட்டுப் படிப்பார். கரப்பான்பூச்சியைச் சேர்த்துச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். மேனேஜர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் மோசம்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கப்பல்களுக்குக் காய்கறி, சோப்பு, சிகரெட் விற்க வருகிற படகுக்காரர் ஒருவர் கப்பலின் மறுபக்கம் ஒட்டி நின்றிருந்தார். அவரைக் காட்டி, டிரம்களை இறக்கிவிடலாம் என்று கேப்டனிடம் சொன்னேன். கேப்டன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் பேரிலும் அபராதம் வரும், கப்பலை இங்கேயே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். பொறுமையாக, அவருக்கு நல்லது சொல்கிற மாதிரிச் சொன்னேன். சரக்கு ஏறவே இல்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று மருந்துக் கம்பெனிக்கு நான் கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்கள் இறக்கினார்கள். மருந்தைத் தூரக் கடலில் கொட்டிவிடு, டிரம்மை எல்லாம் ஓட்டை போட்டு மூழ்கடித்துவிடு என்று படகுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

சுங்க அதிகாரிகள் வந்தார்கள், மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள், பட்டியலோடு ஒத்துப்பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சூப்பரின்டென்டென்ட் என் முதுகில் தட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை வாசலில் அந்த டிரம் நின்றுகொண்டிருந்தது. மங்கலான பச்சை. கழுத்தில் சிவப்பு வளையம். மண்டையோட்டுக் காகிதத்தைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை மட்டும் சதுரமாகக் கறுத்திருந்தது. மேலே ஒரு தாம்பாளம் போட்டு மூடி, அதன்மேல் மொண்டு குடிக்கிற சொம்பு கவிழ்த்து வைத்திருந்தாள். துறைமுக கேட் பக்கம் தள்ளுவண்டியில் விற்றார்களாம், கடையில் வாங்குவதில் பாதி விலைகூட இல்லையாம், அத்தானுக்கு ஒரே பெருமை. அவர் சொல்லித் தெருவிலும் நிறையப் பேர் போய் வாங்கினார்களாம். அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவள் உள்ளே போன நேரம் பார்த்து வாசல் சாக்கடையில் ஊற்றினேன்.

இங்கே ஒரு திருத்தம், மேடம். டிரம்மை ஓட்டை போடச் சொன்னேன் என்றேன் அல்லவா, நீங்களும் எழுதிவிட்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். சொன்னது உண்மைதான். ஆனால் படகுக்காரர் இதற்குக் கூலி என்ன என்று கேட்டார். என் கையில் அப்போது ஒன்றும் இல்லை. டிரம்மை நீயே வைத்துக்கொள் என்றேன். நல்ல டிரம்மை எவனாவது ஓட்டை போடுவானா? அவன் விற்பான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் டிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அத்தானுக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். அப்புறம் ஆபீஸ். கழுவித்தானே வைத்திருப்பார்கள், ஒன்றும் ஆகாது, வீணாக ஏன் பீதியைக் கிளப்ப வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியாது, சும்மா ஒரு சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் திருத்திவிடுகிறேன். வெறும் சந்தேகப்படுகிறவன் வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே தண்ணீர் பாட்டில் வாங்க மாட்டான்.

அக்கா மகளுக்கு இடுப்புவரைக்கும் கூந்தல். அவளுக்கு அதில் கர்வம்கூட உண்டு. ஒரு நாள் ஜன்னல் கட்டையில் முடி பந்து பந்தாகச் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். சீப்பை வைத்தாலே கையோடு வருகிறது என்றாள். லாரித் தண்ணீர் உப்பு, அதுதான் எங்கள் எல்லாருக்கும் இப்படிக் கொட்டுகிறது என்று அக்கா சொன்னாள். எதிர் வீட்டிலும் அப்படித்தானாம். பிறகு ஒரு நாள் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள்.

"கால் மரத்தே கெடக்கு மாமா. மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றாள். என்னவோ வேடிக்கையைச் சொல்வதுபோலச் சிரித்தாள்.

அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். எப்படியாவது அந்த டிரம்மை அந்த வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும், ஆனால் காரணம் கேட்காதபடி கிளப்ப வேண்டும் என்று யோசித்தேன். அவள் பரீட்சை முடிவு வந்தது. அதைச் சாக்காக வைத்து, குழாய் வைத்த எவர்சில்வர் தொட்டி ஒன்றைப் பெரியதாக வாங்கிக்கொண்டு போனேன். பாஸானதற்குத் தண்ணீர்த் தொட்டி பரிசு கொடுத்த முதல் மாமா நீதான் என்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். தெருவில் ஒவ்வொருத்தரையாக அழைத்துவந்து காட்டினாள். என் தம்பி மாதிரி உண்டா என்றாள்.

பச்சை டிரம்மை நான் வெளியே உருட்டிக்கொண்டு வந்தேன். தூரக் கொண்டுபோய் எங்காவது உடைத்துப்போடத்தான் நினைத்தேன். அதுவரைக்கும் உண்மை, அதில் திருத்தம் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். தனியாள். மெஷினை வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டு தைப்பார். என் ஆபீஸ் பேன்ட் எல்லாம் அவர் இடுப்புப் பிடித்துக் கொடுத்ததுதான். பாட்டில் சார் என்று பெயர் வைத்ததே அவர்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் இருந்தது சின்ன டிரம், தண்ணீர் லாரி ஒரு நாள் வராவிட்டால் திண்டாடிப்போவார். நான் உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"தூக்கிப் போடறதுக்கா சார் கொண்டு போறீங்க? எனக்குக் குடுங்களேன்."

நான் நின்றேன். இது பழசு என்றேன். பழசுதான் எனக்குச் சரிப்படும், புதுசுக்கு நான் எங்கே போவேன் என்றார். குடிக்கிறதுக்கு வேண்டாம், துணி அலசறதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஏன் சார்?"

அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் கத்தரிக்கோல், கழுத்தில் அளவு நாடா, தலையைச் சாய்த்துக்கொண்டு, பதில் வந்ததும் மெஷினை மிதிக்கலாம் என்று காலைத் தயாராக வைத்துக்கொண்டு. மனுத்தாளில் பேனா நின்றதே, அதே மாதிரி நானும் நின்றேன்.

"சும்மா சொன்னேன்" என்றேன்.

நானே உள்ளே கொண்டுபோய் அடுப்புப் பக்கம் வைத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் தெருவில் வைத்து மூன்று தரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற மனுஷன் இப்படிக் குனிந்து கழுவுகிறாரே என்று அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அடியில் ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அது விரல் போகாத இடம். அதை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் என் கையை மட்டும் தோல் சிவக்கிற வரைக்கும் கழுவினேன்.

அக்கா மகளுக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது. தலையில் பூனை முடி முளைத்தது. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. தையல்கார அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது, முடி கொட்டியது, முக்காடு போட்டுக்கொண்டார். ஒரு நாள் நான் போகும்போது கூப்பிட்டு ஆள்காட்டி விரலைக் காட்டினார். மெஷின் ஊசி விரலில் ஏறி, நூலும் சேர்ந்து கோத்துவிட்டதாம், வலியே தெரியவில்லையாம், துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். இனிமேல் என் கை எனக்கே தெரியாமல் எதையாவது தைத்துவிடும் என்று சிரித்தார். நல்ல டாக்டராகப் பாருங்கள் என்றேன். ஆட்டோவுக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தேன். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவர் பின்னாலிருந்து யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அது கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

தெருவில் நிறையப் பேர் படுத்துவிட்டார்கள் என்றதும் நகராட்சியிலிருந்து லேடி டாக்டர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர். ஒவ்வொரு வீட்டிலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தவர், தையல்கார அம்மா வீட்டில் அந்த டிரம்முக்கு முன்னால் நின்றுவிட்டார். தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஆபீசரோடு பேசத் தெரிந்தவன் நான்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. டாக்டர் டிரம்மின் சிவப்பு வளையத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரம் வீட்டுக்கு வீடு இருக்கறதுதான் டாக்டர். லாரிக்காரர் மாறினதுக்கு அப்புறம்தான் இந்த நோயே வந்தது" என்றேன்.

லாரிக்காரர் மாறியது உண்மைதான். பட்டியலில் உண்மையை மட்டும் எழுதிப் பழகியவன் நான். எதை எழுதாமல் விடுவது என்பதையும் அப்போது கற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னாலிருந்து நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எந்தக் குட்டையில் பிடித்துக்கொண்டு வருகிறானோ என்றார்கள். டாக்டர் டிரம்மிலிருந்து கையை எடுத்துக்கொண்டு லாரி எப்போது வரும் என்று கேட்டார். லாரி வந்தபோது டாக்டர் தண்ணீர் சாம்பிள் எடுப்பதற்குள் தெருவே லாரிக்காரரை இறக்கி அடித்துவிட்டது. நான் அடிக்கவில்லை. விலக்கிக்கூட விட்டேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது சொல்லுங்க சார், அது ஆழ்குழாய்த் தண்ணி என்றார். அவருடைய பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தையல்கார அம்மா நேற்று முன்தினம் இறந்துபோனார்.

இன்று காலை அக்கா அவர் வீட்டை ஒழிக்கப் போயிருந்தாள். சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, தெருக்காரர்கள்தான் எல்லாம். நான் அக்கா வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து சமையலறை வாசலில், பழைய டிரம் இருந்த இடத்தில், நின்றாள். அங்கே தரையில் வட்டமாகத் தடம் இன்னும் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அதிகம் படிக்காதவள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"எங்க டிரம்மை மட்டும் ஏன்டா மாத்தினே?"

நான் பேப்பரை மடித்தேன். பாஸானதற்குப் பரிசு என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் மொண்டுகொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பளிங்கு மாதிரித் தண்ணீர். என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"குடி" என்றாள்.

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். நான் குடித்துவிட வேண்டும், குடித்துவிட்டு என்னக்கா, பைத்தியமா உனக்கு என்று சிரிக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். அது எனக்குத் தெரிந்தது. தம்ளரை எடுத்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். திரும்ப வைத்துவிட்டேன்.

அவள் முகம் எப்படி ஆனது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது, மேடம். அதை விட்டுவிடுங்கள்.

தம்ளரை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாக நுழைந்தாள். சிவப்பு வளையம் போட்ட டிரம் எதைப் பார்த்தாலும் தோளைக் கொடுத்துச் சாய்த்தாள். முழு டிரம், சாமானியமாகச் சாயாது. காலை வாசலில் ஊன்றிக்கொண்டு தள்ளினாள். தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. பெண்கள் பின்னாலேயே வந்து, உனக்கென்ன பிடித்துவிட்டது, லாரி இனிமேல் எப்போது வருமோ என்று சத்தம் போட்டார்கள். எல்லாரிடமும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"என் தம்பியைக் கேளுங்க."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நனைந்த பாவாடையோடு, பக்கெட்டோடு, இடுப்பில் பிள்ளையோடு என்னைச் சுற்றி நின்றார்கள். முக்காடு போட்டவர்களும் இருந்தார்கள். ஏன் சார் என்று கேட்டார்கள். இங்கே உங்களிடம் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேனே, அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. தலை குனிந்தபடி என் செருப்பின் மேல் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தேன். நனைந்துவிடுமே என்று காலை மேலே தூக்கினேன்.

துறைமுக கேட் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரரிடம் டிரம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பாருங்கள். வேறு தெருக்களுக்கும் போயிருக்கும். எந்தெந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் விசாரிக்கிறாய் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். நான் ஒரு பக்கத்தைச் சேர்க்காமல் விட்டேன். அதை மறைக்க விஷத்தை ஊருக்குள் விட்டேன். தெரிந்தே அதைத் தையல்கார அம்மா வீட்டில் என் கையால் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். லாரிக்காரரை அடிக்க வைத்ததும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வெளியே பெஞ்சில் முழங்காலுக்குக் கீழே புடவை ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் அக்கா. தெருவிலிருந்து இந்த வாசல்வரைக்கும் என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. பாருங்கள், நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. இரண்டு இடத்தில் நான் திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன், அவள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

மற்றதை எல்லாம் நானே சொல்லித் திருத்தச் சொன்னேன், மேடம். ஆரம்பத்தில் நானாகவே வந்தேன் என்று எழுதினீர்களே, அதை மட்டும் அடிக்க வேண்டாம்.